எண்ணம் மாறலாம், நன்றி மாறலாகாது

குருபக்தி என்பது சைவ மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்த பண்பு. கல்வி தந்த ஆசிரியரைத் தெய்வத்துக்கு அடுத்தபடியாக மதிக்க வேண்டும் என்று சிறு பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பது தமிழர் வழக்கம். கடல் கடந்து வந்து, மொழியும் காலநிலையும் வேறான நாட்டில் குடியமர்ந்து, வாடகை மண்டபத்தில் சுவாமி படம் வைத்துத் தொடங்கிய வழிபாடு கோயிலாக வளர்ந்திருக்கிறதென்றால், பெரியவர்களின் சொல்லுக்குக் கட்டுப்படும் இப்பண்பும் அதற்கு ஒரு காரணம். ஆயினும் இதே பண்பு சில வேளைகளில் கடினமான வினா ஒன்றையும் எழுப்புகின்றது. தாம் பெரிதும் மதித்த ஒருவரின் கருத்துச் சரியன்று எனப் பிற்காலத்தில் உணர்பவர் என்ன செய்ய வேண்டும்? வாய் திறவாதிருப்பது மரியாதையா? வெளிப்படையாகச் சொல்வது நன்றி மறந்த செயலா?

இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை தந்து சென்றவர் தமிழ்த்தென்றல் திரு. வி. கலியாணசுந்தரனார். மேடைத் தமிழுக்கும் பத்திரிகைத் தமிழுக்கும் புதுநடை வகுத்தவர். 'தேசபக்தன்', 'நவசக்தி' ஆகிய பத்திரிகைகளின் ஆசிரியர். 1918ஆம் ஆண்டில் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தவர்களுள் ஒருவர் என்றெல்லாம் அவரைப் பலரும் அறிவர். அவர் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரின் மாணவர் என்பதும், அவ்வாசிரியருக்காகத் தம் பள்ளிப் படிப்பையே இழந்தவர் என்பதும், பின்னர் அவ்வாசிரியர் எதிர்த்து நின்ற அருளாளரையே போற்றி நூல் எழுதியவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டிய செய்தி அதுவே.

திரு.வி.க. 1883ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆந் திகதி சென்னையை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். இளமையில் வந்த கடும் நோயினால் அவருடைய படிப்பு இடையிலே தடைப்பட்டது. பின்னர் இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் மீண்டும் சேர்ந்து பயின்றபோது, அங்கே தமிழாசிரியராக இருந்தவர் மேலைப்புலோலி நா. கதிரைவேற் பிள்ளை. நூறு செய்திகளை ஒரே வேளையில் மனத்தில் நிறுத்தும் சதாவதானம் செய்து காட்டியவர். தமிழ் அகராதி ஒன்றைத் தொகுத்தவர். சைவ மேடைகளிற் சிங்கம் போல முழங்கியவர். 'மாயாவாத தும்ச கோளரி' என்பது அவருக்கு வழங்கிய பட்டம். வெறும் பாடப் புத்தகத் தமிழோடு நின்றிருக்கக்கூடிய ஓர் இளைஞனைத் தமிழ்க் கடலிலும் சைவக் கடலிலும் இறக்கிவிட்டவர் அவரே. அவர்பால் மாணவர் கொண்டிருந்த ஈடுபாட்டிற்கு அளவில்லை.

அக்காலத்தில் சைவ உலகம் இரண்டு அணியாகப் பிரிந்து நின்றது. அதன் காரணத்தை அறிய, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1867ஆம் ஆண்டில் இராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் 'திருவருட்பா' என்ற பெயரில், திருமுறைகளாக வகுக்கப்பட்டு அச்சேறின. தேவார திருவாசகங்களுக்கே உரிய பெருமையை, உயிரோடிருக்கும் ஒருவரின் பாடல்களுக்குக் கொடுப்பது முறையன்று என்று யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் மறுத்தார். கண்டனங்கள் எழுந்தன, மறுகண்டனங்கள் எழுந்தன, 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. சுவாமிகள் மறைந்தது 1874இல். நாவலர் மறைந்தது 1879இல். இருவரும் மறைந்த பின்னரும் பிணக்கு மறையவில்லை. அடுத்த தலைமுறையில் நாவலர் பக்கம் நின்று போரிட்டவர் கதிரைவேற் பிள்ளை. எதிர்ப்பக்கம் நின்றவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அந்நாளிற் தமிழாசிரியராயிருந்த வேதாசலம் பிள்ளை. அதாவது பிற்காலத்து மறைமலையடிகள்.

திரு.வி.க. அப்போது இருபது வயது இளைஞர். அவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று கேட்கவே வேண்டியதில்லை. ஆசிரியர் நின்ற பக்கமே தம் பக்கம் என்று நின்றார். 1904ஆம் ஆண்டில், ஆசிரியர் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் சாட்சி சொல்ல நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. பள்ளித் தேர்வும் அதே நாளில் வந்தது. தேர்வா, ஆசிரியரா என்ற நிலையில் அவர் ஆசிரியரையே தேர்ந்தார். அத்தோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. பின்னாளிற் தமிழகம் முழுவதும் திரு.வி.க. என்ற பெயரால் அறியப்பட்ட அறிஞருக்குப் பள்ளி இறுதித் தேர்வில் தேறிய சான்றிதழ் கூடக் கிடையாது. குருபக்திக்கு இதைவிடப் பெரிய விலையை யார் கொடுத்திருக்க முடியும்?

1907இல், நாற்பது வயதை எட்டாமலே கதிரைவேற் பிள்ளை காலமானார். மறு ஆண்டே மாணவர் தம் ஆசிரியரின் சரித்திரத்தை நூலாக எழுதி வெளியிட்டார். திரு.வி.க.வின் எழுத்து வாழ்வு ஆசிரியருக்குச் செய்த அஞ்சலியோடுதான் தொடங்கியது. பின்னர் அவரும் தமிழாசிரியரானார். தம் ஆசிரியர் கற்பித்த வெஸ்லி நிறுவனத்திலேயே தலைமைத் தமிழாசிரியராகவும் அமர்ந்தார். ஆசிரியரின் கட்சியை அப்படியே சுமந்துகொண்டு, அதே கண்டன மேடைகளில் அதே சொற்களை முழங்கிக்கொண்டு வாழ்நாளைக் கழித்திருந்தால் அவரை ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 'குருவுக்கேற்ற சீடன்' என்று ஊர் மெச்சியிருக்கும்.

அவர் அவ்வாறு செய்யவில்லை. கட்சி கட்டி வாதாடுவதற்காக அன்றி, உண்மையை அறிவதற்காக மீண்டும் படித்தார். சைவ நூல்களை மட்டுமன்றிப் பிற சமயத்தார் நூல்களையும் படித்தார். தொழிலாளரிடையே பழகினார், ஏழ்மையை நேரிற் கண்டார். பசித்தவன் வயிற்றைப் பற்றிக் கவலைப்படாத சமயவாதம் எதற்கு என்ற எண்ணம் அவருள் வலுத்தது. அந்தக் கண்ணோடு பார்க்கும்போது, எதிர் அணியின் தலைவர் என்று முன்னர் எண்ணியிருந்த இராமலிங்க சுவாமிகள் வேறொருவராகத் தெரிந்தார். 1929ஆம் ஆண்டில் 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்ற நூல் வெளிவந்தது. சுவாமிகளின் சீவகாருணியத்தையும் சமரச சன்மார்க்கத்தையும் போற்றிய அந்நூலின் ஆசிரியர், நீதிமன்றத்திற்குச் சாட்சி சொல்லச் சென்ற அதே திரு.வி.க. இடையிற் கழிந்தவை இருபத்தைந்து ஆண்டுகள்.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கருத்து மாறியபோது அவர் ஆசிரியரைத் தூற்றவில்லை. 'அறியாப் பருவத்தில் என்னைத் தவறான வழியிற் செலுத்திவிட்டார்' என்று பழியை ஆசிரியர் தலையிற் போடவில்லை. 1944இல் வெளியான தம் 'வாழ்க்கைக் குறிப்புகள்' நூலிலும் கதிரைவேற் பிள்ளைக்கு உரிய இடத்தை நிறைந்த அன்போடு கொடுத்தார். அதே நேரத்தில், ஆசிரியரின் எதிரணியில் நின்ற மறைமலையடிகளையும் உளமாரப் போற்றினார். ஒரே நெஞ்சில் இருவருக்கும் இடமிருந்தது. ஆசிரியரிடம் பெற்ற தமிழும் சைவமும் அவரிடம் இறுதிவரை இருந்தன. ஆசிரியரிடமிருந்து வந்த பகை மட்டும் அவரை விட்டுப் போயிற்று. குருவுக்கு அவர் செய்த உண்மையான கைம்மாறு இதுவே என்று சொல்வது மிகையாகாது.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கது. அரை நூற்றாண்டுக்கு மேல் சைவர்களைப் பிரித்து வைத்த அப்பிணக்கின் இரு தலைவர்களும் ஏறக்குறைய ஒரே வயதினர். நாவலர் பிறந்தது 1822இல்; சுவாமிகள் பிறந்தது 1823இல். சுவாமிகள் 1867இல் வடலூரில் தருமச்சாலை நிறுவி, பசித்து வந்தோர்க்கெல்லாம் சோறிட்டார். பத்தாண்டுகள் கழித்து யாழ்ப்பாணத்திற் பஞ்சம் வந்தபோது நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பட்டினி கிடந்தோரைக் காப்பாற்றினார். பாடல்களுக்கு என்ன பெயர் சூட்டுவது என்பதில் வேறுபட்ட அப்பெரியோர் இருவரும், ஏழையின் பசியைக் கண்டபோது ஒரே வேலையைத்தான் செய்தார்கள். பின்வந்தவர்கள் அவர்களின் கண்டனங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்கள் மூட்டிய அடுப்பை மறந்தார்கள். தலைவரைப் போற்றுவதாக எண்ணித் தலைவரின் கோபத்தை மட்டும் போற்றும் தவறு எக்காலத்திலும் நிகழக் கூடியது.

கருத்து மாற்றத்தையும் குருபக்தியையும் ஒருங்கே காத்தவர் திரு.வி.க. ஒருவர் மட்டும் அல்லர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல் ஐந்தாண்டு அளவிற் பயின்றவர். தலபுராணங்கள், பிள்ளைத்தமிழ்கள், அந்தாதிகள் ஆகியவையே தமிழின் பெருஞ்செல்வம் என்பது அவருடைய அந்நாளைய எண்ணம். 1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டபோது, அவ்வளவையும் படித்து என்ன பயன் என்ற வினாவையே முதலியாரிடமிருந்து கேட்க நேர்ந்தது. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்றும் அவர் கேட்டார். சினந்து எழுந்து போயிருக்கலாம். ஐயரவர்கள் அந்நூலை வாங்கிப் படித்தார். விளங்காத இடங்களைக் கேட்டறியச் சமணர் இல்லங்களுக்குச் சென்றார். 1887இல் சிந்தாமணியை அச்சிட்டார். சைவ மடத்தில் வளர்ந்த அந்தணர் சமண நூலைப் பதிப்பித்துப் புகழ் பெற்றார். ஆனால் அந்நூலைத் தமக்குக் கற்பிக்காத ஆசிரியரை அவர் குறைத்து மதித்தாரா? இல்லை. 1933, 1934ஆம் ஆண்டுகளில் அவ்வாசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி முடித்தபின்பே அவர் மனம் நிறைவு கொண்டது.

இவை பழங்கதைகள் என்று ஒதுக்கிவிடக் கூடியவை அல்ல. கடல் கடந்த நாடுகளில் இயங்கும் ஆலயச் சங்கங்களின் பொதுக்கூட்டங்களுக்குச் சென்று வந்தவர்களுக்கு இவற்றின் பொருள் எளிதில் விளங்கும். அர்ச்சனை எந்த மொழியில் நடைபெறுவது, திருவிழாவைத் திதிப்படி நடத்துவதா சனி ஞாயிறுக்கு மாற்றுவதா, தமிழ் எழுத்துப் படிக்க வராத பிள்ளைகளுக்குத் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் அச்சிட்டுக் கொடுக்கலாமா என்பன போன்ற விடயங்கள் ஆண்டுதோறும் எழுகின்றன. முதற் கூட்டத்தில் ஒருவர் ஒரு பக்கம் பேசிவிடுகிறார். பிறகு அவர் வீட்டிலேயே பேரப்பிள்ளை அர்ச்சனையின் பொருளைக் கேட்கிறது. அவருக்கு விடை வரவில்லை. அல்லது, எல்லாம் தமிழிலேயே நடைபெற வேண்டும் என்று வாதாடியவர், கும்பாபிஷேகத்தன்று வேத கோஷத்தைக் கேட்டு மனம் கரைந்து, இதையும் இழக்கலாகாது என்று எண்ணுகிறார். வேலைநாளில் வந்த திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவர இயலாமல் வருந்திய தாய்மாரைக் கண்டு, திதியே முக்கியம் என்றவர் மனம் இளகுகிறார். மனம் மாறுவது இயல்பாக, நல்ல காரணத்தோடு நிகழ்கின்றது.

ஆனால் அதை வெளியிற் சொல்லத்தான் துணிவு வருவதில்லை. 'அண்டைக்கு ஒரு கதை, இண்டைக்கு ஒரு கதை' என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்துவிடும் என்ற அச்சம். தாம் மதிக்கும் முன்னாள் தலைவர் மனம் வருந்துவாரே என்ற தயக்கம். தம் அணியினர் கைவிட்டுவிடுவர் என்ற கவலை. ஆகவே மனத்தில் ஒன்றும் வாக்கில் ஒன்றுமாக வாக்களித்துவிட்டு வீடு செல்கின்றனர். இவ்வாறு பல ஆண்டுகள் சென்றபின் சங்கம் இரண்டாகின்றது. ஒரே தெருவில் இரண்டு கோயில்கள் எழுகின்றன. இரண்டிலும் பாதிக் கூட்டம். இளைஞர்களோ இரண்டுக்கும் செல்வதில்லை. தவறு என்று உணர்ந்ததைத் தவறு என்று சொல்ல இயலாத பெரியவர்களிடம் சமயம் கற்க அவர்கள் விரும்புவதில்லை என்பதே உண்மை. அவர்கள் இழக்கப்படுவது கடவுள் நம்பிக்கை இல்லாமையால் மட்டும் அன்று.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறப்படுவதுண்டு. அந்நிய மண்ணில் வளரும் பிள்ளைகளுக்கு உறுதியான பற்றுக்கோடு வேண்டும். பெரியவர்களே நாளுக்கொரு கருத்துச் சொன்னால் அவர்கள் எதைப் பற்றி நிற்பார்கள் என்பது அவ்வாதம். அது தள்ளிவிடத் தக்க வாதம் அன்று. காற்றடித்த பக்கம் சாய்பவரைப் பார்த்து எவரும் எதையும் கற்க முடியாது. செல்வாக்குள்ளவர் பக்கம் சேர்வதற்காகவோ, பதவிக்காகவோ நேரும் மாற்றம் மதிக்கத் தக்கதன்று.

திரு.வி.க.வின் மாற்றம் அத்தகையதன்று என்பதை அறிய மூன்று அடையாளங்கள் உள்ளன. முதலாவது, அது படிப்பினாலும் அனுபவத்தினாலும் பல ஆண்டுகளிற் கனிந்த மாற்றம். ஒரே இரவில் வந்ததன்று. இரண்டாவது, தம் மாற்றத்தை அவர் மறைக்கவில்லை. முன்னர் நின்ற இடத்தையும் பின்னர் வந்து சேர்ந்த இடத்தையும் தம் பெயரிலேயே நூல்களாக விட்டுச் சென்றார். மூன்றாவது, மாற்றத்தினால் அவருடைய அன்பு விரிந்ததேயன்றிச் சுருங்கவில்லை. முருகன் மீதும் சிவன் மீதும் 'அருள் வேட்டல்' பாடிய அவரே திருமால் மீதும் கிறிஸ்து மீதும் பாடினார். ஆயினும் சைவத்தை விட்டு அவர் விலகியதில்லை. வேர் ஆழமாக இருந்தமையால் கிளைகள் அச்சமின்றி விரிந்தன. பிள்ளைகளுக்கு வேண்டிய பற்றுக்கோடு அந்த வேரே.

வாழ்வின் கடைசி ஆண்டுகளிற் கண்பார்வை மங்கிய நிலையிலும், தாம் சொல்லப் பிறர் எழுத அவர் நூல்கள் இயற்றினார். அவற்றுள் ஒன்றுக்கு 'முதுமை உளறல்' என்றும், மற்றொன்றுக்குப் 'படுக்கைப் பிதற்றல்' என்றும் பெயரிட்டார். நாடே அறிஞர் என்று கொண்டாடிய ஒருவர், தம் முதிர்ந்த சிந்தனைகளை உளறல் என்றும் பிதற்றல் என்றும் அழைத்துக்கொண்டார். தம் சொல்லே இறுதிச் சொல் என்ற எண்ணம் இல்லாதவருக்கே அவ்வாறு பெயரிட மனம் வரும். 1953ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆந் திகதி அவர் மறைந்தார்.

இந்நாளில் நாவலர் குருபூசை நடத்தும் சங்கங்களிலேயே, அதே மேடையிற் சிறு பிள்ளைகள் திருவருட்பாவைப் பண்ணோடு பாடுகின்றனர். கேட்டிருக்கும் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கண்ணீர் மல்குகின்றனர். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விரண்டும் ஒரே மேடையில் நிகழ்ந்திருக்க இயலாது என்பது அப்பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியவர்களிற் பலருக்கும் நினைவில்லை. நாவலரின் பெருமையும் குறையவில்லை. வள்ளலாரின் பெருமையும் குறையவில்லை. திரு.வி.க. போன்ற சிலர் மனம் மாறத் துணிந்ததனாலும், மாறியதை மறைக்காமற் சொன்னதனாலும், சொன்னபோது எவரையும் இகழாமையினாலும் கிடைத்த பயன் இது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தவர் ஒருவர் எழுந்து, "சென்ற ஆண்டு இவ்விடயத்தை எதிர்த்துப் பேசியவன் நான், இப்போது யோசித்துப் பார்த்ததில் என் கருத்து மாறியிருக்கிறது" என்று சொல்வாராயின், அவரைப் பார்த்து நகைப்பது எளிது. அவருக்கு நன்றி கூறி, காரணத்தைப் பொறுமையோடு கேட்பதே சங்கத்துக்கு நன்மை தரும். அவர் மாறியதை அவருடைய பழைய அணியினர் துரோகமாகக் கொள்ளாதிருப்பதும், புதிய அணியினர் வெற்றியாகக் கொண்டாடாதிருப்பதும் அதைவிட நன்மை தரும். கோயிலுக்கு இடம் தேடி அலைந்து, சீட்டுப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்து, முதற் கல்லை வைத்த பெரியவர்களுக்குச் சங்கம் என்றும் கடமைப்பட்டது. அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் மாற்றாது காப்பதனால் அக்கடன் தீர்வதில்லை. அவர்கள் எதற்காகக் கோயில் கட்டினார்களோ அதற்காக, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் விரும்பி அங்கே வந்து நிற்கும்போதுதான் அது தீரும்.